ரசமட்டம்

அறுபத்தேழாம் வருஷத்து ஃபியட்டில்
பெல்ட் கிடையாது.
அறுந்துபோகவில்லை, பிறக்கும்போதே இல்லை.
"பிடிச்சுக்கணும்னா மேல கைப்பிடி இருக்கே"
என்று சாவியைக் கொடுத்தார்
பண்ருட்டி முந்திரிக்காரர்.

நானோ சிப்காட்டில் பாதுகாப்பு அதிகாரி.
காலை ஏழரைக்கு
டேங்க் மேல் ஏறுகிறவர்களின் வாரை இழுத்து
கொக்கியைச் சுண்டிப் பார்த்து
கையெழுத்துப் போடுகிறவள்.
மாலையில் வெறும் மடியோடு
கெடிலம் பாலத்தில் அறுபதில் போனால்
அந்தக் கையெழுத்துக்கு என்ன மரியாதை.

இம்பீரியல் ரோட்டுக் கடையில்
கண்ணாடி மேஜை மேல் பரப்பினார்கள்.
இடுப்புக்கு மட்டும் ஒன்று.
"பழைய வண்டிக்கு இதான் மேடம் அம்சம்."
இடுப்பு நிற்கும், சரி.
நெற்றி எங்கே போய் நிற்கும்?
தோளுக்கும் சேர்த்து ஒன்று, சுருளாதது.
குணசீலனுக்கு அளவு வைத்தால் எனக்குத் தொளதொள,
எனக்கு வைத்தால் அவருக்கு மூச்சு முட்டும்.
பதினாறு வருஷமாகத் தெரிந்த கணக்குதான்.
தானே சுருள்வதை எடுத்துக்கொண்டோம்.

பூட்டில்தான் தகராறு.
தூக்கித் திறக்கிற குரோம் மூடியை
காதோரம் ஆட்டிப் பார்த்தார் குணசீலன்,
கொலுசு வாங்குகிறவர் மாதிரி.
டாஷ்போர்டின் வெள்ளிக் கீற்றோடு
அது பொருந்தியது என்பதை மறுக்கவில்லை.
மற்றது பிளாஸ்டிக், சிவப்புப் பொத்தான்.
கண்ணை மூடி, இடது கையால்
இரண்டையும் திறந்து பார்த்தேன்.
என்னைத் திறப்பது நானாக இல்லாமலும் போகலாம்.
ரோட்டோரம் கரும்புச்சாறு பிழிகிறவர் ஓடிவந்து
எதை அழுத்துவது என்று தேடக்கூடாது.
சிவப்பு.
நிறத்தை மட்டும் அவருக்கு விட்டேன்.
மெரூன் என்றார், கோபமாக.

ஆனால் விஷயம் பெல்ட் இல்லை.
மூன்றாம் யூனிட்டில் அஞ்சாபுலி விழுந்தபோது
வார் புதுசு, கொக்கி புதுசு,
கையெழுத்து என்னுடையது.
மாட்டியிருந்த குழாய்
உள்ளே அரித்து வெளியே பச்சை பெயிண்ட்.
வாரில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.
அன்றிலிருந்து கொக்கியை அப்புறம்தான் பார்க்கிறேன்.
முதலில் சுத்தியலால் குழாயைத் தட்டுகிறேன்.

பழைய டவுனில், மெகராஜ் பாய் பட்டறையில்
ரப்பர் மிதியடியைத் தூக்கினால்
ஒரு முந்திரிப் பருப்பு.
அதற்கடியில் தகரம்.
தட்டினேன். டங். டங். டங்.
அப்புறம் அப்பளம்.
ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கி
பட்டறைத் தரையைத் தொட்டது.
"கடல் காத்து" என்றார் பாய்,
கடன் வாங்கிப் போன மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல.

வெட்டி, ஒட்டி, அடியில் உள்ளங்கை அகலத்துக்கு
மூன்று மில்லி பிளேட் வைத்து,
கதவுத் தூணுக்குள் நட்டு பற்றவைத்து
இருபத்து மூன்று நாள்.
பெல்ட் அதுவரை கவர் பிரியாமல் கிடந்தது,
மாப்பிள்ளை வராத மண்டபத்து மாலையாக.

மாட்டியதும் இழுத்தால் வரவில்லை.
டூப்ளிகேட் என்றார் குணசீலன், ஆசையோடு.
பாய் பதில் சொல்லாமல்
எதிரே சுவர் எழுப்பும் கொத்தனாரிடம்
ரசமட்டம் வாங்கி வந்து சுருள் மேல் வைத்தார்.
குமிழி ஓரமாய் ஒதுங்கியிருந்தது.
"உள்ள ஒரு குண்டு இருக்கும்மா.
சாய்ஞ்சு உக்காந்தா,
விழுந்துட்டோம்னு நெனச்சுக்கும்."
ஒரு வாஷர், அரைத் திருகு.
குமிழி நடுவுக்கு வந்தது.
மெதுவாகக் கேட்டால் தருகிறது இப்போது.
வெடுக்கென்று கேட்டால் மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தியாகவல்லிக்குப் போய்
அஞ்சாபுலியை ஏற்றிக்கொண்டேன்.
சில்வர் பீச் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு என்றிருந்தான்.
ஊன்றுகோலை முதலில் உள்ளே விட்டான்,
பிறகு நல்ல காலை, பிறகு மற்றதை.
மெரூன் நல்லாருக்கு என்றான்.
பெல்ட்டைத் தொடவில்லை.
குனிந்து, மிதியடியை ஒதுக்கி,
ஊன்றுகோலின் முனையால்
தரையைத் தட்டினான்.
இன்னொரு தடவை, மூலையில்.

நான் வண்டியைக் கிளப்பாமல்
காத்திருந்தேன்.