முப்பத்தாறு பல்

"வெட்டு இடப்பக்கம் இழுக்குது அக்கா."
மழைக்கோட்டும் கழற்றாமல்
வாளை மேசையில் வைத்தான் சப்றான்.
கிண்ணியாவிலிருந்து இரண்டு பாலம் தாண்டி
சாட்சிக்கு ஒரு வாகைத் துண்டும் கொண்டுவந்திருந்தான்.
வெட்டுமுகம் ஆட்டுக்கொம்பு மாதிரி.
புயலில் விழுந்த மரம், நேரே இறக்கினால்
பாதியில் வளைந்து வாளைக் கவ்வுகிறதாம்.
இரண்டு நாள் கூலியில்
கொந்தராத்துக்காரன் கைவைத்துவிட்டான்.

முதலில் சங்கிலியைக் குற்றம் சொன்னேன்.
பிறகு அலகை.
கண்ணாடிமேல் கிடத்திப் பார்த்தேன்,
ஒரு தாள் நுழைய இடமில்லை.
பிறகு அவனை.
"கையைப் பழக்கு" என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.

கடையில் கைடு மூன்று.
ஸ்டில்லுக்குத் தட்டுக் கைடு,
முப்பது பாகையில் கோடு கீறியது,
அரம் ஐந்து தசம் இரண்டு.
ஒரேகனுக்கு ஐந்தரை.
ஹஸ்க்வர்ணாவுக்கு உருளைக் கைடு:
அரம் இரண்டு குட்டிச் சில்லின்மேல் ஓடும்,
தன் வீட்டுச் சங்கிலியில் பூனைபோல் குந்தும்,
அடுத்த வீட்டுச் சங்கிலியில் கால் பாவாது.
"எல்லாம் வட்ட அரம்தானே" என்பவர்களுக்குப்
பல்லைத்தான் காட்டுவேன்.
அரம் பருத்தால் நெற்றி நிமிர்ந்து
மரத்தை வெறுமனே உரசும்.
மெலிந்தால் கொக்கி விழும்,
இரண்டு மரத்தோடு மழுங்கும்.

உருளைக் கைடோடு வந்த தாளில்
பத்தொன்பது மொழி, நம்முடையது இல்லை.
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாசலில் தலைநீட்டி அதைத் தின்றது.
ஜெர்மனில் தொடங்கியது.

கொழும்புப் பில்லில்
'அறம் – ஒரு டசின்' என்றிருக்கிறது,
வல்லின றகரத்தில்,
பத்து வீதக் கழிவோடு.
நான் திருத்தவில்லை.

வேர்னியரை எடுத்து
ஒவ்வொரு பல்லாய் அளந்தேன்.
வலப் பல் பதினெட்டும் ஏழுக்குக் கிட்ட.
இடப் பல் பதினெட்டும் ஏழே முக்கால்.
இது மரத்தில் வருகிற பிழை இல்லை.

சித்திரையில் நிலாவெளி றோட்டில்
ஸ்கூட்டர் சறுக்கி
இடது மணிக்கட்டில் ஒரு தகடு, நாலு ஸ்குரூ.
இடப் பல்லுக்கு இடக்கையால் தள்ளுவதுதான் என் பழக்கம்.
பல்லுக்கு மூன்று தள்ளு
இரண்டு பக்கமும் சரியாய்த்தான் எண்ணிவந்தேன்.
கைடு பாகையைப் பிடிக்கும்.
பாரத்தைப் பிடிக்காது.

"பிழை என்னுடையது" என்றேன்.
அவன் என் மணிக்கட்டைப் பார்த்தான்,
வாகைத் துண்டைப் பார்த்தான்.
"அப்ப கொந்தராத்துக்காரனுக்கு
இந்த எக்ஸ்ரேயைக் காட்டவா?"

சிரித்தபடி அரத்தைத் தந்தான்.

சட்டம் ஒன்றுதான்:
ஆகக் குட்டைப் பல்லுக்கு
மற்றதெல்லாம் இறங்கிவர வேண்டும்.
தேர்தல் போஸ்டர் ஆணி ஒன்றைக் கடித்து
ஆறரையில் நின்றது ஒரு வலப் பல்.
அதற்காக முப்பத்தைந்தும் இறங்கின.
நான் வலப்பக்கம், அவன் இடப்பக்கம்,
கோடு எங்கே என்று கேட்டுக் கேட்டு.
துறைமுகத்தில் ஒரு கப்பல் இரண்டு தரம் கத்தியது.
அப்போதும் எண்ணிக்கை தவறவில்லை.
பிறகு முன்மேடுகளைத் தட்டை அரத்தால்
கேஜுக்கு வெளியே எட்டிப்பார்க்காத மட்டும் தணித்தோம்.

இரவு எட்டரைக்கு, முற்றத்தில்,
அதே வாகைத் துண்டு.
தூள் பறக்கவில்லை.
செதில், நகம் அளவு, சூடாய்,
என் செருப்புக்குள்ளும் விழுந்தது.
மதிலடி மான்கள் கலைந்தோடின.

மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன்.
ஒரு நூல் வலப்பக்கம்.

"இருக்கட்டும்" என்றான்.
"நாளைக்கு வா" என்றேன்.
காசு வேண்டாம் என்றதும் தலையாட்டினான்.
அவன் போனபிறகு பார்த்தால்
ஐந்தரை அரத்துக்கு அடியில்
நனைந்த ஐந்நூறு ரூபாய்.

அடுத்த சங்கிலி ஒரேகன்.
கைடை மாற்றினேன்.
வலத்துக்கு மூன்று.
இடத்துக்கு நாலு.