மேற்படி வீடு

வங்கி தாய்ப்பத்திரம் கேட்டது.
கையில் இருந்தது எழுபத்தெட்டாம் வருடத்துக் கிரயம்:
பாஸ்கரராவ் விற்க, பாண்டுரங்கன் வாங்கியது.
அதைப் பெற்றதைத் தேடி
சார்பதிவாளர் ஆபீசுக்கு ஐந்து அரைநாள் லீவு,
ஜெராக்ஸ் கடைக்கு நூற்றுப்பத்து ரூபாய்.

கொத்தனார் சூசைமாணிக்கத்துக்குப் பத்திரம் வேண்டியதில்லை.
ஆணியால் சுவரைக் கீறினார்.
"மெல்லிசுக் கல்லு, சுண்ணாம்பு. முன்கட்டு மூத்தது.
இது சேம்பர் கல்லு, சிமெண்டு. பின்னாடி வந்தது."
மாடிப்படியில் முதல் ஏழு கருங்கல்.
எட்டிலிருந்து செங்கல், உயரமும் அரை அங்குலம் கூட.
"இங்கனதான்மா காசு தீந்திருக்கு."
வாடகைக்கு இருந்த பதினோரு வருடமும்
எட்டாம் படியில் தடுக்கி
என் காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டிலும் அந்தப் படி இருந்தது.
பந்தடித் தெருவில் மனையாக வாங்கியவர்
புகையிலைக் கமிஷன் நாகூர்கனி ராவுத்தர்.
கட்டி முடிக்குமுன் ஒத்தி வைத்தார்,
மீட்கவில்லை.
ஒத்தி பிடித்த துளசிராமய்யருக்குச் சாயப்பட்டறை;
கிணற்றுச் சுவரில் இன்னும் விடாத கருஞ்சிவப்பு.

பிரஜோத்பத்தி வருஷம் ஆவணியில் பாகப்பிரிவினை.
மூத்தவனுக்கு முன்கட்டு, இளையவனுக்குப் பின்கட்டு,
கிணறு பொது, நடை பொது,
கிழக்குச் சுவரில் ஆணியடிக்க இருவருக்கும் பாத்தியம்.
பிறகு தாளின் அடியில், மை மாறி:
"சகோதரி, காலஞ்சென்ற கோவர்த்தனன் சம்சாரம் அம்சாபாய்,
மஞ்சள் குங்குமத்துக்காக ரூபாய் பதினைந்து ரொக்கம் பெற்று,
படிக்குக் கீழுள்ள அறையில்
ஆயுள் பரியந்தம் வசிக்கக் கடவர்."

தாலியறுத்தவளுக்கு மஞ்சள் குங்குமம்.
குமாஸ்தாவுக்கு வாய்ப்பாடு மட்டும் தெரிந்திருக்கிறது.
கீழே இடதுகைப் பெருவிரல் ரேகை,
குறுக்கே ஒரு வெட்டுத்தழும்பு வெள்ளைக் கோடாக.

நாற்பத்தாறில் அடமானம், ஐம்பத்திரண்டில் விடுதலை.
எதிலும் அவள் இல்லை.
போய்ச் சேர்ந்ததையும் யாரும் எழுதவில்லை.
வக்கீல் சிரித்தார்:
"அந்தம்மாவுக்கு இப்ப நூத்திருபதுக்கு மேல இருக்கும்.
வில்லங்கம் இல்லைன்னு போட்டுக்கலாம்."

ஆனால் படிக்குக் கீழே அறையே இல்லை.
சுவர். அதில் எங்கள் காலண்டர்.
பத்திரத்தில் நீளம் நாற்பத்தோரடி,
உள்ளே டேப் பிடித்தால் முப்பத்தேழு.
சூசைமாணிக்கம் காலண்டரைக் கழற்றிவிட்டு
விரல்முட்டியால் தட்டினார்.
எதுவும் சொல்லவில்லை, உளியை எடுத்தார்.

எட்டடிக்கு நாலடி.
ஒரு கதவு, கல் வைத்து அடைத்தபோது
கழற்றக்கூடச் சோம்பல்பட்டு விட்டது.
ஒரு மாடம், என் இடுப்புக்கும் கீழே,
மேலே நாக்கு நீட்டிய புகைக்கரி.
இவ்வளவு தாழ்வாகவா என்று
நின்று பார்த்த கொத்தனார்
உட்கார்ந்து பார்த்தார்.
கண்ணுக்கு நேராக இருந்தது.

தாழ்ப்பாள் உள்பக்கம்.
தேய்ந்து வழவழவென்று.
அதைத் தொட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மதிப்பீட்டாளர் வந்தார்.
கூடுதல் முப்பத்திரண்டு சதுர அடி,
சாமான் அறை என்று குறித்துக்கொண்டார்.
கடன் ஐம்பதாயிரம் ஏறியது.
"முன் பாத்தியதை ஏதும் இல்லை" என்ற வரியில்
அம்சாபாய் பேரைச் சேர்க்க முடியுமா என்றேன்.
"ஃபார்மட்ல இடமில்லைம்மா," என்றார் பத்திர எழுத்தர்,
கோபமில்லாமல்.

பதிவன்று பெருவிரலை மிஷினில் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தேன். எடுக்கவில்லை.
சேலையில் துடைத்துவிட்டு
மறுபடி வைக்கச் சொன்னார்கள்.