பொதுச்சுவர்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
நகராட்சி கட்டிக்கொடுத்த இரட்டை வீடு,
நடுவே ஒரே சுவர்,
ஒற்றைச் செங்கல் கனம்.
இந்தப் பக்கம் நான், சரோஷினி, அவளுடைய மீன்தொட்டி.
அந்தப் பக்கம் பூபாலன்.

பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
காரணம் ஒரு சாக்கடைக் குழாய்:
உடைத்தது யார், காசு கொடுப்பது யார்.
பிறகு நகராட்சி வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனது.
நாங்கள் மாறவில்லை.

சுவருக்கு இந்தச் சண்டை தெரியாது.
விடிகாலை நாலரைக்கு அவன் இருமல்,
குக்கரின் மூன்றாவது விசில்,
விக்கெட் விழும்போதெல்லாம் அவன் விடும் வசவு
எல்லாம் என் சோபாவில் வந்து உட்காரும்.
நான் தும்மினால் அவன் வீட்டு நாய் குரைக்கும்.

சரோஷினியின் தங்கை உம்லாங்காவில் டிவிக்குப் பின்னால்
மரப் பேனல் அடித்திருந்தாள்,
தரையிலிருந்து கூரைவரை கோடு கோடாக.
இவள் திரும்பி வந்து நம் சுவரைப் பார்த்த பார்வையில்
சுவரே கொஞ்சம் கூசிப்போனது.

கடைக்காரன் ஒரு துண்டைக் கையில் கொடுத்தான்.
முன்னால் ஓக் நிறப் பட்டிகள்,
பின்னால் கருப்புக் கம்பளம்.
"சத்தம் பாதி குறையும்" என்றான்.
எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

கல்யாணப் படத்தைக் கழற்றினேன்.
சுரண்டச் சுரண்ட பச்சை,
அதன் கீழே பீச்,
அதற்கும் கீழே நகராட்சியின் மங்கல் க்ரீம்.
ஒரு மூலையில் ஈரம், செருப்பின் வடிவத்தில்.
ஈரத்தின்மேல் பலகை அடிக்காதே என்றான் மச்சான்.
ஐந்து வாரம் காயப் போட்டேன்.
அதற்குள் ஜன்னல் வழியே குரங்கு வந்து
ரொட்டியோடு மட்டக்கோலையும் தூக்கிக்கொண்டு ஓடியது.
புதிது வாங்கினேன். அதன் குமிழி
நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது.
அறுபது வருடமாக நேராக நிற்பதாக
நடித்திருக்கிறது சுவர்.

நாலு மணிக்குக் கரண்ட் போகும், அட்டவணையில் இருக்கிறது.
நேரம் மூன்று ஐம்பது.
சட்டம் அடிக்க இன்னும் ஒரே துளை.
டிரில்லை அழுத்தினேன்.
சிவப்பாய்க் கொட்டியது, பிறகு சாம்பலாய்,
பிறகு எதுவும் கொட்டவில்லை.
முனை வெறும் காற்றில் சுற்றியது.

உருவினேன்.
மிளகளவு வெளிச்சம்.
அதன் வழியே வறுத்த மீன் வாசனை.

நாய்கூடக் குரைக்கவில்லை.
பிறகு ஒரு குரல், செங்கல் வடிகட்டாத குரல்:
"இருபத்திமூணாம் தேதியில வந்திருக்கே."
விளங்கவில்லை எனக்கு.
"காலண்டர்ல. இருபத்திமூணுல ஓட்டை."

சரோஷினி வாயைப் பொத்திக்கொண்டு
சமையலறைக்கு ஓடினாள்.

"அன்னிக்கு என்ன?"
பதினோரு வருடத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி.
"பல் டாக்டர்."

கரண்ட் போனது.
துளையும் போனது.
அங்கே டார்ச்சைத் தேடி எடுத்தான் போலிருக்கிறது,
மஞ்சளாய் மறுபடி எரிந்தது.

"என்னதான் பண்றே அங்க?"
"மரப் பேனல்."
"மீட்டர் என்ன விலை?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"ஏமாந்துட்டே" என்றான்,
ஏறக்குறைய அன்பாக.

துளையை அவன் பக்கமிருந்தே அவன் அடைத்தான்.
என் பக்கம் பலகை ஏறியது.
மீன்தொட்டி விளக்கில் பட்டிகள் நிழலும் ஒளியுமாய்.
வந்தவர்கள் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள்.

நாலரைக்கு விழிப்பு மட்டும் வந்தது.
காதை வைத்தால் கம்பளம்.
இருமினானா, இருமவில்லையா,
நாய் தூங்குகிறதா.
தும்மிப் பார்த்தேன் ஒருமுறை, வேண்டுமென்றே.

இருபத்திமூணாம் தேதி மத்தியானம்
குப்பைப் பையோடு வேலியோரம் நின்றேன்.
அன்று குப்பை வண்டி வராது.
கன்னம் வீங்கிக் காரிலிருந்து இறங்கினான்,
வாயில் பஞ்சு.
என்னைப் பார்த்தான்.
இரண்டு விரலை உயர்த்திக் காட்டினான்.

பிடுங்கியது இரண்டு பல்லா,
என் வராந்தாவில் மிச்சம் கிடக்கும்
இரண்டு பலகையா, தெரியவில்லை.
உள்ளே போய்
பலகைகளை எடுத்து வந்தேன்.