ஈயும் சேர்த்து

வால்திவியாவில் மழைக்கு வேறு வேலை கிடையாது.
இன்று பதினோராம் நாள்.
விறகடுப்பில் ஈரக்கட்டை சீறுகிறது.
அதற்கு மேலே கொடியில்
என் ஒற்றைக் காலுறை காய்கிறது.
அதன் ஜோடி எங்கே என்று கேட்காதீர்கள்.

இந்தப் பருவத்துக்கு மட்டும் நான் பயிற்சி உதவியாளர்.
சம்பளம் பஸ்ஸுக்கும் ரொட்டிக்கும் சரி.
முதலாண்டுக்காரர்களின் அறுபத்திரண்டு நிரல்களை
நகல் பிடிக்கும் மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
சிவப்பில் ஒரு வரி எழுந்தது:

நெஹுவென். தொண்ணூற்று நான்கு விழுக்காடு.

யாரோடு?
பழைய ஆண்டுகளின் கிடங்கில் கிடக்கும்
என்னோடு.

திறந்தேன்.
ஊருக்கு ஊர் குறுகிய வழி கண்டுபிடிக்கும் நிரல்.
தூரம் என்று இருக்கவேண்டிய இடத்திலெல்லாம்
கோர்தோ, கோர்தோ, கோர்தோ.
கோர்தோ என்றால் குண்டன்.
மீன்சந்தைப் படித்துறையில்
ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் படுத்து
மீன் தலைக்கு மட்டும் ஒரு கண் திறக்கும் கடற்சிங்கம்.
அந்தப் பெயரை வைத்தது நெஹுவென் அல்ல.
நானும் அல்ல.

மூன்று ஜூன்களுக்கு முன்னால்,
ஒப்படைக்க இருபது நிமிடம் இருக்கையில்
பல்தசாரிடம் கேட்டேன்.
அவன் யோசிக்கவில்லை. குடை கேட்டாலும் அப்படித்தான்,
தந்துவிட்டு நனைந்துகொண்டு போவான்.
"கொஞ்சம் மாத்திக்கோ" என்றான்.
நான் மாற்றியது முதல் வரியில் இருந்த பெயரை.
ஈயடிச்சான் காப்பி என்பார்களே,
என் தாளில் செத்துக் கிடந்த ஈ
மீசையோடு நூற்றைம்பது கிலோ இருந்தது.

பேராசிரியர் ஷ்மீடர் ஏழுக்கு ஆறரை போட்டார்.
ஓரத்தில், "பெயர் வைப்பதில் நகைச்சுவை!"

யாரும் தண்டிக்காததால்
நானே ஒன்றை விதித்துக்கொண்டேன்.
எந்த நிரலும் முதலில் தாளில், பென்சிலில்.
காலை ஐந்தரைக்கு, அடுப்பு பிடிக்கும்வரை
கையுறை போட்ட விரலால்
மாறிகளுக்குக் கட்டம் கட்டி
மதிப்பை அடித்து, அடித்து, திருத்தி எழுதுவேன்.
தாள் பிழை சொல்லாது.
சத்தமில்லாமல் தப்பாக இருக்கும், என்னைப்போல.
அறைத்தோழி ரொசால்பா என்னைப் படிப்பாளி என்கிறாள்.
அவளுடைய தம்பிக்குக்கூட என்னை உதாரணம் காட்டுகிறாளாம்.
முதல் அப்படியே இருக்க
வட்டி மட்டும் கட்டிவருகிறேன் என்று
எப்படிச் சொல்ல?

சரி, மென்பொருள் ஏன் என்னை மட்டும் காட்டியது?
கிடங்கில் பல்தசாரின் பெயரைத் தேடினேன்.
முதல் பயிற்சி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது.
நான்காவது இல்லை.
இன்னொரு முறை தேடினேன்.
எழுத்துப்பிழையோடும் தேடினேன்.

ஒரே நிரல் இரண்டு பெயரில் போனால்
இருவரும் மாட்டுவோம்.
நான் மறந்த இந்த எளிய கணக்கை
அவன் இருபது நிமிடத்துக்குள் போட்டிருக்கிறான்.
அந்தப் பாடத்தில் அவன் தேறவில்லை.
அடுத்த வருடம் வரவும் இல்லை.
புவேர்த்தோ மோன்ட்டில் சால்மன் ஆலையில் இரவு வேலை என்று
யாரோ சொன்னார்கள்.
"ஐயோ பாவம்" என்றேன்.
அந்தச் சொல் இப்போது பல்லில் மணல்போல் நெறிகிறது.

நெஹுவெனுக்கு அது எப்படிப் போனது?
துறையில் சுற்றும் பழைய பென் டிரைவ் ஏதாவது.
அவனைப் பற்றி நான் நிரப்பவேண்டிய படிவத்தில்
மூலம் என்ற கட்டத்தை
மென்பொருளே நிரப்பிவிட்டது,
என் பெயரால்.

இரவு இரண்டே கால்.
இவ்வளவு நாளுக்குப் பிறகு என்ன எழுதுவது?
பல்தசாருக்கு இதை மட்டும் அனுப்பினேன்:
கோர்தோ இன்னும் உயிரோடு இருக்கிறான்.

இடைவேளையாக இருக்கும், உடனே பதில்:
அட, அதுவா!
அது ஒழுங்காக ஓடியதா?
எனக்குத் தெரியவே இல்லை.

ஓடியது என்று எழுதினேன்.
ஆறரை என்று எழுத
விரல் இன்னும் கொடியிலேயே காய்கிறது.