நிறுத்தினால் நின்றுவிடும்

ஒகியாவில் கடைசிக் கடை.
மாலுபாண் ஆறு, கிம்புலா பணிஸ் நாலு,
ஒரு போத்தல் தண்ணீர், இரண்டு கட்டி சவர்க்காரம்.
"குளிக்கவாப்பா?" என்றான் நிதுர்ஷன்.
"அட்டைக்கு" என்றார் கடைக்காரர்.
எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வந்து
இன்னொரு கட்டியும் வைத்தார்.

வண்டி எனக்கும் மூத்தது.
தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன லாண்ட் ரோவர்.
ஏலத்தில் எடுத்து, பண்டாரவளையில்
வீட்டுக்குப் பின்னே தகரக் கொட்டிலில்
எட்டு மாதம் அதன் அடியில் கிடந்தேன்.
சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவால்
புஷ்பகாந்தி சோற்றுத் தட்டை நீட்டுவாள்.
ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை.
கேட்டிருக்கலாம்.

மூன்றாம் வளைவில் தார் முடிந்தது.
ஐந்தாம் வளைவில் போன் செத்தது.
அதற்கப்பால் ரோடு என்பது
மழை இறங்கிவந்த வழி.
மானாப்புல் இரண்டு கதவையும் தடவிக்கொண்டே வந்தது.
பள்ளத்துப் பக்கம் இருந்த டிலுக்சினி
"அப்பா, இந்தப் பக்கம் கீழ ஒன்னுமில்ல" என்றாள்,
கடையில் பால்மா இல்லை என்பதுபோல.

நான் பேசிக்கொண்டே ஓட்டினேன்.
இது லோ கியர், இப்போது நாலு சில்லும் இழுக்கும்,
சேற்றில் பிரேக்கைத் தொடவே கூடாது,
ஏற்றத்தில் நிறுத்தினால் நின்றுவிடும்,
எஞ்சினைக் காதால் ஓட்ட வேண்டும்.
சேறும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடையைத் தாண்டி ஏறும் இடத்தில்
பின்சில்லு இரண்டும் அச்சுவரை போயின.
கல் வைத்தோம். புல்லறுத்துப் போட்டோம்.
பிள்ளைகளின் பாய், பிறகு என் சாரம்,
பிறகு நான் பெருமையாய் வாங்கிய
புதுக் கூடாரத்தின் தரைவிரிப்பு.
எல்லாவற்றையும் தின்று
என் முகத்தில் துப்பியது சில்லு.

"நீங்கதான் பாரம்" என்றாள் புஷ்பகாந்தி.
குறையாகச் சொல்லவில்லை; தராசு சொல்வதுபோல.
"இறங்கித் தள்ளுங்க. நான் எடுக்கிறேன்."
"உனக்கு டபுள் கிளச்..."
"எட்டு மாசம் குசினி ஜன்னலால
கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

மூவரும் தோள் கொடுத்தோம்.
அவள் அவசரப்படவில்லை.
கொதிக்கும் பானையை இறக்குகிறவளாய்
கிளச்சை விட்டாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
வண்டி முனகியது, எழுந்தது,
போயே போய்விட்டது.

சேற்றில் நாங்கள் விழுந்த இடத்தில்
மூன்று அளவில் மூன்று பள்ளம்.
எழுந்து கத்தினோம். கைகாட்டினோம்.
வளைவில் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.
பிறகு சத்தம் மட்டும்.
பிறகு மலையின் மறுபக்கத்தில்
அதே சத்தம், மெலிந்து.
பிறகு பனிமூட்டம்.

ஒன்றரை மைல் ஏறினோம்.
விரலிடுக்கெல்லாம் அட்டை;
மூன்று கட்டிச் சவர்க்காரமும் வண்டியில்.
வழியில் ஒரு மரையின் குளம்படி,
அதன்மேல் எங்கள் டயரின் தடம்,
நான் ஓட்டியதைவிட நேராக.
நிதுர்ஷன் அதைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
நல்ல பிள்ளை.

உச்சியில், மூட்டம் கிழிந்த இடத்தில், வண்டி.
பொனட்டின்மேல் அவள்,
செருப்பைக் கழற்றிப்போட்டு
கிம்புலா பணிஸின் வாலைத் தின்றுகொண்டிருந்தாள்.
கீழே, வெகு கீழே, வேறு யாருடையதோ வெயில்.
நீர்த்தேக்கம் ஒன்று கைக்கண்ணாடி அளவில்.

"ஏன் நிறுத்தல்ல?"
"நிறுத்தினா நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னேன். உண்மைதான்.
ஆனால் அந்த ஒன்றரை மைலில்
மட்டமான இடம் மூன்று இருந்தது.
காலில் இரத்தம் வழிய எண்ணிக்கொண்டு வந்தேன்.
அதைக் கேட்கவில்லை.

சவர்க்காரத்தை எறிந்தாள். பிடித்தேன்.
சாவி அவள் மடியில் கிடந்தது.
பிள்ளைகள் பின்னால் ஏறினார்கள்.
நான் இடப்பக்கக் கதவைத் திறந்து
பள்ளத்தின் பக்கம் உட்கார்ந்தேன்.

டிலுக்சினி சொன்னது சரி.
இந்தப் பக்கம்
கீழே ஒன்றுமில்லை.