உள்பக்கம்

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருந்தது வண்டி.
சிவப்பு. இரண்டே சீட்டு.
தரைக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை.
கொண்டலாம்பட்டி வேகத்தடையில்
அதன் வயிறு தேய்ந்த சத்தம்
என் பட்டறைக்குள் கேட்டது.

"வெளியில ஒரு கீறல் காட்டுங்க பாக்கலாம்"
என்றார் டாக்டர் பெனிட்டா.
காட்ட முடியாதுதான்.
கதவைத் திறந்த பிறகே தெரிந்தது:
உள்பக்கத்து அட்டை
வெயிலில் போட்ட அப்பளமாய்
நாலு மூலையும் தூக்கிக்கொண்டு,
கிளிப்புகளைப் பிடுங்கிக்கொண்டு,
ஓட்டுகிறவர் முழங்கையை இடித்துக்கொண்டு.

மேலே பனி, கீழே வெயில்.
வாரம் ஆறு நாள் இருபது வளைவு இறங்கி
ஆஸ்பத்திரி வாசலில் நின்று காய்ந்து
ராத்திரி மறுபடி ஏறி நனைந்து
எந்த அட்டைதான் நேராக இருக்கும்?
இதை நான் சொல்லவில்லை.
ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

"பழசையே நிமித்திக் குடுங்க இதாயத் பாய்.
ஒரிஜினல். இனி கிடைக்காது."

நிமிர்த்தினேன்.
பின்பக்கம் ஈரத்துணி ஒற்றி
இரண்டு பலகைக்கு நடுவே கிடத்தி
பக்கத்து குடோனில் கடன் வாங்கிய
நாலு மூட்டை ஜவ்வரிசி ஏற்றினேன்.
மூன்று நாள்.
எடுத்தால் கண்ணாடி மாதிரி தட்டை.
பச்சமுத்து விசிலடித்தான்.
டீ குடித்துத் திரும்புவதற்குள்
ஒரு மூலை மெல்ல எழுந்து
எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போனில் சொன்னேன்.
அறுவைக்கு மயக்கம் கொடுக்கிறவர் அவர்.
"டோஸ் பத்தல" என்று சிரித்தார்.
அப்புறம் சிரிக்காமல்,
"அப்ப புதுசே போடுங்க."

கதவின் குடலைப் பார்த்தேன்.
பாலிதீன் தாள் கிழிந்து தொங்கியது.
அடியில் இருக்க வேண்டிய மூன்று துளைகளை
யாரோ ஒரு புண்ணியவான்
தண்ணீர் வராமல் இருக்கப்
பசை வைத்து அடைத்திருந்தான்.

கண்ணாடியோடு சேர்ந்து தண்ணீர் இறங்கத்தான் செய்யும்.
கதவைச் செய்தவனுக்கு அது தெரியும்.
தடுக்கவில்லை அவன்.
வந்தது போகட்டும் என்று
வழி மட்டும் விட்டிருந்தான்.

ஆணியால் குத்தினேன்.
காபி நிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்,
கூடவே மக்கிய சில்வர் ஓக் இலை ஒன்று,
என் செருப்பில் விழுந்தது.
மலை வாசம் அடித்தது கொஞ்சம்,
மிச்சமெல்லாம் துரு.

புது பிளைவுட் அறுத்தாயிற்று.
கிளிப் துளைகளை எங்கே போடுவது?
பழைய அட்டையை வைத்து வரையலாம்தான்.
ஆனால் கோணியதை வைத்து அளந்தால்
கோணலும் அளவாகிவிடும்.
கதவையே கேட்க வேண்டும்.

"மேடம், லிப்ஸ்டிக் இருக்கா?"

சுத்தியல் நின்றது.
பச்சமுத்து வேறு பக்கம் பார்த்தான்.
கைப்பையைத் துழாவி எடுத்து நீட்டினார்.
"எடுத்துக்கங்க. எப்படியும்
மாஸ்க்குக்கு உள்ளதான் இருக்கு நாள் பூரா."

இரும்பில் துளை துளையாய்
விளிம்பு முழுக்கத் தடவி,
பலகையை வைத்து ஒரே அழுத்து.
எடுத்தால் பதினேழு சிவப்பு வளையம்,
ஒன்றுகூடப் பிசகாமல்.
அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.
யாருக்கு அனுப்பினாரோ.

பிறகெல்லாம் வழக்கமான வேலை.
விளிம்புக்கு மூன்று பூச்சு வார்னிஷ்,
புதுப் பாலிதீன்,
பழைய ரெக்சினையே இழுத்து ஒட்டினேன்,
சிகரெட் சுட்ட தழும்போடு.
அதைத் தைக்கட்டுமா என்றதற்கு
வேண்டாம் என்றார், சட்டென்று.
கேட்கவில்லை மேற்கொண்டு.

டக், டக், பதினேழு டக்.
சாத்தியபோது கதவு
கடகடக்காமல் 'தப்' என்றது.

ஒன்பது நாள் கழித்து
ராத்திரி பதினொன்றரைக்கு போன்.
பின்னால் தகரத்தில் மழை அறைகிற சத்தம்.
"பாய், கதவுக்கு அடியில சொட்டுது."

எழுந்து உட்கார்ந்தேன்.
"எத்தனை இடத்துல?"

டார்ச்சோடு குனிந்திருப்பார் போல.
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.

"மூணு."

"அப்ப சரி மேடம்.
போய்ப் படுங்க."