கையில் ஒட்டும் சிவப்பு

தடைக்காலத்தில் மண்டபம் கரையேற்றிய
விசைப்படகுகளின் அடியில் மல்லாந்து
சுரண்டுவது என் தொழில்.

முதலில் வெறும் வழுவழுப்பு.
கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.
அதன்மேல் பாசி. பாசிமேல் கொட்டலசு.
கொட்டலசு வந்துவிட்டால்
உளி வேண்டும், கெட்ட வார்த்தையும் வேண்டும்.

முந்தைய வருடம் மே மாதம்
முட்டுக்கட்டை நழுவியது.
படகின் பெயர் ஆரோக்கிய அன்னை.
நீங்கள் சிரிக்காதீர்கள். நான் சிரித்துவிட்டேன்,
ஆம்புலன்ஸ் உச்சிப்புளி தாண்டும்போது.

முழங்காலுக்குக் கீழே
எட்டுத் திருகாணியில் ஒரு தகடு.
துருவே பிடிக்காது என்றார்கள்.
துருவைப் பற்றி யார் கேட்டது?
கடலில் போட்ட எதன்மேலும்
ஏதாவது குடியேறும்.
உடம்பும் உப்புத்தண்ணிதானே.

ஏழாம் மாதம் தழும்பின் ஓரம்
கடுகளவு ஒரு கண் திறந்தது.
ராக்கு துடைத்தாள், மூடியது.
மறுநாள் திறந்தது.
கையில் நரம்பு தீரும்வரை ஊசி போட்டார்கள்.
குமட்டியது, காது இரைந்தது,
வாயில் சோறு இரும்பாய் ருசித்தது.
எலும்புக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

டாக்டர் ஹமீதா பானு படம் வரைந்து காட்டினார்:
தகட்டின்மேல் கிருமிகள் கூடி
ஒரு கொழகொழப்பைப் போர்த்திக்கொள்ளும்;
ரத்தத்தில் வரும் மருந்து
போர்வைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.
"புரியுதா, நம்பு?"
என் பெயர் நம்புராசன்.
ஊரே என்னைக் கட்டளையாகத்தான் கூப்பிடுகிறது.

புரியுதாவா?
இருபத்திரண்டு வருடமாய் அதைத்தானே சுரண்டுகிறேன்.

தகட்டைக் கழற்றினார்.
செத்த எலும்பைச் செதுக்கினார்.
காலுக்கு வெளியே கம்பிகள் முடுக்கி,
உள்ளே குழியில்
எலும்புச் சிமெண்டில் மருந்தைப் பிசைந்து உருட்டி
கம்பியில் கோத்த மணிகள், இருபத்திமூன்று.
முதுகில் போட்ட ஊசி, முழித்துத்தான் இருந்தேன்.
திரைக்கு அந்தப்பக்கமிருந்து
பைபர் படகுக்குப் பிசின் கலக்கும் வாசனை.
என் காலுக்குள் யாரோ
பட்டறை திறந்துவிட்டார்கள்.

யாராவது முத்து என்றால் அடிப்பேன்.
சுண்ணாம்பு உருண்டை மாதிரி இருந்ததாம்,
ஒன்றுக்கொன்று அளவுகூட ஒக்காமல்.

எங்கள் அடிப்பெயிண்டும் இதே வேலைதான்.
தாமிரம் கலந்த சிவப்பு.
பூசிக் காய்ந்தபின் கட்டைவிரலால் தேய்த்தால்
சிவப்பு ஒட்ட வேண்டும்.
கையில் ஒட்டாத பெயிண்ட் செத்த பெயிண்ட்.
தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழந்துதான்
அது பலகையைக் காக்கிறது.
கடலுக்கே மருந்து போட யாரால் முடியும்?
பலகையைச் சுற்றி
ஒரு நூல் கனத் தண்ணீர் கசந்தால் போதும்.

இதைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
"முதல் சில நாள்தான் நல்லா கசியும், நம்பு.
அப்புறம் மெலிஞ்சிடும்."
மெலிந்த பெயிண்ட் மோசம், டாக்டரம்மா.
கொட்டலசு தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பழகிவிடும்.
"அதனாலதான் ஆறாவது வாரம் எடுக்கணும்."

எடுத்தார்கள். நர்ஸ் சத்தமாக எண்ணினார்.
இருபத்தொன்று. இருபத்திரண்டு.
அதோடு குரல் நின்றது.
கம்பியிலிருந்து கழன்ற ஒன்றைத் தேடி
மறுபடியும் உள்ளே போனது விரல்.
சுவரில் மின்விசிறி சுற்றியது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
இருபத்திமூன்று.

ராக்குவுக்குக் காட்ட ஒன்று கேட்டேன்.
மருத்துவக் கழிவு, தரமாட்டார்களாம்.

இந்தத் தடைக்காலம் முக்காலியில் உட்கார்ந்து பூசுகிறேன்.
படகுக்கு அடியில் படுக்க ராக்கு விடுவதில்லை.
மதியம் கை கழுவியபின்
தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்க்கிறேன்.
எதுவும் ஒட்டவில்லை.
இந்த ஓர் இடத்தில் மட்டும் அது நல்ல செய்தி.

"ரெண்டு வருசம் போகட்டும், அப்புறம் சொல்றேன்"
என்கிறார் டாக்டர்.

திங்கட்கிழமை ஆரோக்கிய அன்னை கரையேறுகிறது.
முட்டுக்கட்டையை
நானே வைக்கப்போகிறேன்.